அப்பாவின் ஆம்ப்ளிபையரை காயலாங்கடையில் போடலாமா? புளூடூத் காலத்தில் பழைய ஸ்டீரியோவுக்கு ஒரு வக்காலத்து!

"எடைக்குப் போட்டா முந்நூறு ரூபா தருவான். பரணாவது காலியாகும்."

திருச்சி வீட்டைக் காலி செய்துவிட்டு ஃப்ளாட்டுக்கு மாறும் மும்முரத்தில் அம்மா இதைச் சொன்னார். அவர் கை காட்டியது, பழைய பெட்ஷீட்டில் சுற்றி வைத்திருந்த ஒரு ஸ்டீரியோ ரிசீவரை. 1984-ல் சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா கொண்டுவந்தது. ஜப்பான் தயாரிப்பு, பத்து கிலோவுக்கு மேல் கனம். கூடவே இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், ஒரு கேசட் டெக், ஒரு ரெக்கார்டு பிளேயர்.

அதே வாரம் என் போனில், ஆன்லைன் ஷாப்பிங் கார்ட்டில் என்ன இருந்தது தெரியுமா? சூட்கேஸ் மாதிரி இருக்கும் ஒரு 'ரெட்ரோ' ரெக்கார்டு பிளேயர். ஆறாயிரத்துச் சொச்சம். அதாவது, நிஜமான பழசை முந்நூறு ரூபாய்க்கு அனுப்பிவிட்டு, பழசு மாதிரி இருக்கும் புதுசை ஆறாயிரத்துக்கு வாங்க இருந்தேன்! இந்த முரண் உறைத்த பிறகுதான் இந்தக் கட்டுரை.

சரி, பழைய செட்டை இன்றைய வீட்டில் உண்மையிலேயே பயன்படுத்த முடியுமா? போனையும் டிவியையும் அதில் இணைக்கலாமா? ஆபத்து உண்டா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு உண்மை: பழசு என்பதால் மட்டும் நல்லது இல்லை

'அந்தக் காலத்து சவுண்டே தனி' என்று சொல்லும் மாமா எல்லோர் வீட்டிலும் ஒருவர் இருப்பார். பாதி உண்மை. இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிபையர்கள் பல, அளந்து பார்த்தால் நாற்பது வருடப் பழைய செட்டை விடக் குறைவான இரைச்சலும் சிதைவும் கொண்டவை. இதை மறைத்துவிட்டு 'ஓல்டு இஸ் கோல்டு' பாடினால் அது ஏமாற்று.

ஆனால் இன்னொரு பாதியும் இருக்கிறது. வீட்டு ஸ்டீரியோ என்பது மூன்று பகுதி. பாட்டு வரும் இடம், அதைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிபையர், அதை ஒலியாக்கும் ஸ்பீக்கர். இதில் முதல் பகுதிதான் தலைகீழாக மாறியிருக்கிறது. 1948-ல் எல்.பி. ரெக்கார்டு, 1963-ல் பிலிப்ஸின் கேசட், 1982-ல் சி.டி., இப்போது ஸ்ட்ரீமிங். ஆனால் ஆம்ப்ளிபையரின் வேலை அன்றும் இன்றும் ஒன்றுதான்: சின்ன மின் அலையை வாங்கு, பெரிதாக்கு, ஸ்பீக்கருக்குக் கொடு. அதனால்தான் 1984-ல் செய்த பெட்டியின் பின்னால் இருக்கும் அதே சிவப்பு, வெள்ளை ஓட்டைகளில் 2020-களின் புளூடூத் பெட்டியும் போய் உட்கார்கிறது.

இதை இன்றைய 'ஸ்மார்ட்' ஸ்பீக்கர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோனோஸ் நிறுவனம் 2020 ஜனவரியில் ஒரு அறிவிப்பு விட்டது. தங்களுடைய சில பழைய ஸ்பீக்கர்களுக்கு அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு சாப்ட்வேர் அப்டேட் கிடையாது என்று. வாடிக்கையாளர்கள் கொந்தளித்ததும், அந்தக் கருவிகள் தொடர்ந்து வேலை செய்யும் என்று விளக்கம் தந்து மன்னிப்பும் கேட்டார்கள். அதற்கு முன் அவர்களிடம் இருந்த 'ரீசைக்கிள் மோடு' இன்னும் விசித்திரம். புது மாடலுக்குத் தள்ளுபடி வேண்டுமானால், நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்பீக்கரை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்ய வேண்டும். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அதைக் கைவிட்டார்கள்.

பெரியப்பாவின் ரிசீவருக்கு ஆப் கிடையாது, அப்டேட் கிடையாது, லாகின் கிடையாது. அதைச் செயலிழக்க வைக்க யாரும் எங்கிருந்தும் பட்டன் அழுத்த முடியாது. என் வாதத்தின் மையம் இதுதான்: பழைய செட்டின் பெருமை அதன் சத்தத்தில் மட்டும் இல்லை, பழுது பார்க்க முடிவதில் இருக்கிறது.

நான் செய்த தப்பு: நீங்கள் செய்யாதீங்க

பரணில் இருந்து இறக்கியதும் துடைத்தேன். பின்பக்கம் ஒரு சின்ன வட்டம் இருந்தது. சுற்றிலும் 110, 127, 220, 240 என்று எண்கள். அழுக்கு எடுக்கிறேன் என்று ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருகினேன். அது எந்த எண்ணில் நின்றது என்றே பார்க்கவில்லை. பிளக்கை சொருகி ஸ்விட்சைத் தட்டினேன். 'டப்'. விளக்கு அணைந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வை மட்டும்.

அந்த வட்டம்தான் வோல்டேஜ் செலக்டர். 110-ல் நின்ற பெட்டிக்கு 230 வோல்ட் கொடுத்திருக்கிறேன். பியூஸ் தன் உயிரைக் கொடுத்து டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றியது என்று பிறகு மெக்கானிக் சொன்னார்.

எனவே, பழைய செட்டை இறக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை: பிளக்கை சொருகாமல் இருப்பது. பிறகு இவற்றைப் பாருங்கள்.

எந்த நாட்டுக்காகச் செய்தது? இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானின் உள்ளூர் மாடல் என்றால் 100 வோல்ட். அமெரிக்க மாடல் என்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். செலக்டர் இல்லாத வெளிநாட்டு செட்டுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். ஆனால் அது வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. சில பழைய ரெக்கார்டு பிளேயர்களில் மோட்டாரின் வேகமே கரண்டின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அப்படிப்பட்ட அமெரிக்க பிளேயரை இங்கே ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் சுமார் 28 சுற்றுதான் சுற்றும். டி.எம்.எஸ். குரல் இன்னும் கனத்துப் போகும்!

உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா? மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் உலர்ந்து போகும். 'உர்ர்ர்' என்ற உறுமல் கேட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கலாம். யூடியூப் பார்த்து மூடியைக் கழற்ற வேண்டாம், ப்ளீஸ்.

வயர் எப்படி இருக்கிறது? விரிசல் விட்ட வயர், ஆடும் டூ பின் பிளக் என்றால் மாற்ற வேண்டும். எர்த் கொடுக்க வேண்டிய செட்டா, தேவையில்லாத செட்டா என்பதை மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும்.

"பாப்பா, இது சாகலை. தூங்கிட்டு இருக்கு"

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தில், பத்துக்குப் பத்து கடை. அறுபதைத் தாண்டிய ரேடியோ மெக்கானிக். சுற்றிலும் மிக்ஸி, டேபிள் ஃபேன், இண்டக்ஷன் அடுப்பு. இப்போது ரேடியோ வருவதில்லை என்பதால் எல்லாமும் பார்க்கிறார்.

ரிசீவரை நேராகப் பிளக்கில் சொருகவில்லை. ஒரு பழைய குண்டு பல்பை வரிசையில் சேர்த்த சீரிஸ் லேம்ப் வழியாகத்தான் கரண்ட் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென எரியும், செட்டு தப்பித்துவிடும். எங்களுடையதில் பல்பு ஒரு தடவை மின்னிவிட்டு மங்கியது. "பாப்பா, இது சாகலை. தூங்கிட்டு இருக்கு" என்றார்.

பவர் சப்ளையில் நாலு கெப்பாசிட்டர், புது வயர், பியூஸ், வால்யூம் கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர், கேசட் டெக்குக்கும் ரெக்கார்டு பிளேயருக்கும் புது பெல்ட். மொத்தம் 2,800 ரூபாய். நாலு நாள்.

"கடையை யாராவது பார்த்துக்குவாங்களா?" என்று கேட்டேன். "பையன் சென்னையில ஐ.டி.ம்மா. இதைக் கத்துக்க வர்றேன்னு கடைசியா யாரும் கேட்டே பத்து வருஷம் ஆச்சு" என்றார். எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது இந்தப் பதில்தான். செட்டுகள் இன்னும் இருபது வருடம் ஓடும். அதைத் திறக்கத் தெரிந்த கைகள்?

மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவையும் அமைத்தது. நல்லதுதான். ஆனால் உரிமை காகிதத்தில் இருந்து, பழுது பார்க்கும் ஆள் தெருவில் இல்லாமல் போனால் என்ன பயன்? நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் அந்தக் கடை இன்னொரு மாதம் திறந்திருக்க ஒரு காரணம். அவ்வளவுதான் நம்மால் முடியும். ஆனால் அது நம்மால் முடியும்.

எதை எங்கே சொருகுவது?

செட்டு உயிர் பெற்றாச்சு. இனி இன்றைய வீட்டோடு இணைக்க வேண்டும். இது நினைத்ததை விடச் சுலபம்.

போன்: ஒரு புளூடூத் ரிசீவர் வாங்கி, அதன் சிவப்பு, வெள்ளை வயரைப் பின்னால் 'ஆக்ஸ்' அல்லது 'டேப் இன்' என்ற இடத்தில் சொருகுங்கள். 'போனோ' என்று எழுதியிருக்கும் ஓட்டையில் மட்டும் வேண்டாம். அது ரெக்கார்டு பிளேயருக்கானது. ரெக்கார்டின் ஊசி தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. அதைப் பல மடங்கு பெரிதாக்கும் சர்க்யூட் அங்கே இருக்கிறது. புளூடூத் பெட்டியை அதில் கொடுத்தால் காதும் ஸ்பீக்கரும் கிழியும்.

இன்னொரு விஷயம். பழைய ஆக்ஸ் ஓட்டைகள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் 0.2 வோல்ட் அளவு. சி.டி. காலத்துக்குப் பிறகு வந்த கருவிகள் 2 வோல்ட் வரை தருகின்றன. வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிர்வதற்கு இதுதான் காரணம். போனில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

டிவி: டிவியின் ஆப்டிகல் அவுட்டில் இருந்து ஒரு 'டாக்' பெட்டி, அதில் இருந்து ஆக்ஸ். டாக் என்பது டிஜிட்டல் எண்களைப் பழைய செட்டுக்குப் புரியும் மின் அலையாக மாற்றும் மொழிபெயர்ப்பாளர். டிவி செட்டிங்கில் ஆடியோவை 'பி.சி.எம்.' என்று மாற்றுவது முக்கியம். இல்லாவிட்டால் பல டாக் பெட்டிகளில் சத்தமே வராது. ஆப்டிகல் வயரில் ஓடுவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. அதனால் கேபிள் டிவி வயர் வழியாக வரும் உறுமலும் இதில் கடக்காது.

ரெக்கார்டு பிளேயர்: இது 'போனோ'வுக்கே போகட்டும். ரெக்கார்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து, கூர்மையான ஒலிகளைத் தூக்கித்தான் பதிவு செய்வார்கள். இல்லாவிட்டால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் அதிகப் பாட்டு பிடிக்காது. போனோ சர்க்யூட் அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்யும். புது பிளேயர்களில் இந்த சர்க்யூட் உள்ளேயே இருந்தால், போனோ, லைன் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். இரண்டு இடத்திலும் செய்துவிடாதீர்கள். பிளேயரில் இருந்து வரும் ஒல்லியான தனி வயரை ஆம்ப்ளிபையரின் எர்த் ஸ்க்ரூவில் மாட்டினால் இரைச்சல் அடங்கும்.

ஸ்பீக்கர்: ஆம்ப்ளிபையரின் பின்னால் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறதோ, அதற்குக் குறைவான ஓம் ஸ்பீக்கரை மாட்ட வேண்டாம். வயரின் இரண்டு முனையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் பல பழைய செட்டுகளில் காப்பாற்ற ஏற்பாடு இல்லை, நேராக டிரான்சிஸ்டர் போய்விடும். பழைய ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், வளையத்தை மட்டும் மாற்றலாம். நம்ம ஊர் ஈரக்காற்றில் அது உதிராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பழசில் இருக்கும், புதுசில் காணாமல் போன இரண்டு பட்டன்

ஒன்று, 'லவுட்னஸ்'. மெதுவான சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் குறைவாகக் கேட்கும். 1933-லேயே பிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். லவுட்னஸ் பட்டன் குறைந்த வால்யூமில் பேஸைத் தூக்கிக் கொடுக்கும். பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்காமல் ராத்திரி பத்து மணிக்கு ராஜா கேட்பவர்களுக்கு இது வரம்.

இரண்டு, 'மோனோ'. ஐம்பது, அறுபதுகளின் தமிழ் சினிமா ரெக்கார்டுகள் பெரும்பாலும் மோனோ. அவற்றை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டும்போது இந்தப் பட்டனை அழுத்தினால், ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் கரகரப்பு ரத்தாகி, குரல் தெளியும். கூடவே ஒரு எச்சரிக்கை: தாத்தா காலத்து 78 சுற்று ரெக்கார்டுகளின் பள்ளம் பெரியது. எல்.பி. ஊசியில் அவற்றைப் போட வேண்டாம், தனி ஊசி வேண்டும்.

அப்படியானால் அந்த சூட்கேஸ் பிளேயர்?

வாங்கவில்லை. அமெரிக்காவில் 2022-ல் ரெக்கார்டுகள் எண்ணிக்கையில் சி.டி.க்களைத் தாண்டின, 1987-க்குப் பிறகு முதல் முறையாக. சுமார் 4.1 கோடி ரெக்கார்டு, 3.3 கோடி சி.டி. அந்த அலையில்தான் இந்த ரெட்ரோ பெட்டிகளும் மிதந்து வருகின்றன. பிரச்சினை என்னவென்றால், மலிவான மாடல்கள் பலவற்றில் ஊசி ரெக்கார்டை ஐந்து கிராம் அளவு எடையோடு அழுத்துகிறது. நல்ல பிளேயரில் இது இரண்டு கிராமுக்குள். அப்பா பத்திரமாக வைத்த ரெக்கார்டை ஏன் உழ வேண்டும்?

அதேபோல, இணையத்தில் 'விண்டேஜ்' என்ற ஒரே வார்த்தைக்காக மூன்று மடங்கு விலை கேட்பவர்களிடமும் கவனம். ஓட்டிக் காட்டாத செட்டை வாங்காதீர்கள். 'ஆயிரம் வாட்ஸ்' ஸ்டிக்கர் ஒட்டிய தொண்ணூறுகளின் செட்டுகளை அப்படியே நம்பாதீர்கள். அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும், விளம்பரத்துக்காக ஊதிய எண் அது. சேனலுக்கு 30 நேர்மையான வாட்ஸ் ஒரு ஹாலுக்குத் தாராளம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

யாருக்கு இது வேண்டாம்? சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துப் படம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு வேண்டாம், இது இரண்டு சேனல்தான். எட்டிப் பிடிக்கும் உயரத்தில் வைக்க மட்டுமே இடமும், தவழும் குழந்தையும் இருக்கும் வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம். டிரான்ஸ்பார்மரே எரிந்துபோய், ரிப்பேர் செலவு ஒரு நல்ல புது ஆம்ப்ளிபையர் விலையில் பாதியைத் தாண்டினால், விட்டுவிடலாம். பாசத்துக்காகச் செய்வதென்றால் அது வேறு கணக்கு.

அந்தப் பாசக் கணக்கில் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. கேசட் டெக் ஓடுகிறதா என்று பார்க்க, பரணில் கிடைத்த பேர் எழுதாத கேசட் ஒன்றைப் போட்டேன். நாதஸ்வரம். கூட்டத்தின் சலசலப்பு. திடீரென மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு ஆண் குரல், அவசரமாக: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

சமையலறையில் இருந்து அம்மா வந்து நின்றார். "அது எங்க அப்பா" என்றார்.

அம்மா, அப்பாவின் கல்யாணம். 1993. தாத்தா இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது, அவர் குரல் வேறு எங்கும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். அன்று ராத்திரியே ரிசீவரின் 'டேப் அவுட்'டில் இருந்து ஒரு சின்ன யு.எஸ்.பி. பெட்டி வழியாக லேப்டாப்பில் ஏற்றி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நீங்களும் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள். கேசட் நாடா நமக்காகக் காத்திருக்காது.

புது ஃப்ளாட்டில் இப்போது ரிசீவர் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் அம்மா போனில் இருந்து சுப்ரபாதம், மாலையில் என் பிளேலிஸ்ட், ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ரெக்கார்டு. மேலே துணி விரித்து பூச்சாடி வைக்க அம்மா இரண்டு தடவை முயன்றார். சூடு வெளியேற அந்த ஓட்டைகள் திறந்தே இருக்க வேண்டும் என்று சொல்லி எடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்ஷீட்டில் சுற்றிய ஒன்று இருக்கலாம். எடைக்குப் போடும் முன், உங்கள் ஊரில் இன்னும் கடை திறந்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டுங்கள். போகும்போது பின்னால் இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தை மட்டும் தொடாதீங்க!